மஞ்சள் பால் மூட்டுவலியைத் தீர்க்குமா?

நம்பிக்கை: சமையலில் தினமும் மஞ்சள் சேர்த்தால் அழற்சி அண்டாது, மூட்டுவலிக்கு மாத்திரையே வேண்டாம்.

உண்மை: மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமினை, ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் சேர்த்தால் அழற்சியைத் தூண்டும் சில புரதங்கள் அடங்குகின்றன. அதில் சந்தேகமில்லை. ஆனால் மஞ்சள் தூளில் குர்குமின் ஏறக்குறைய 3 சதவீதம்தான். 3 கிராம் தூளில் 90 மில்லிகிராம். வீட்டில் எல்லோருக்குமான குழம்பிலேயே அவ்வளவு விழுவதில்லை. குர்குமின் தண்ணீரில் கரையாது. குடல் உறிஞ்சுவது சொற்பம். உறிஞ்சியதையும் குடலும் கல்லீரலும் விரைவில் வேறு பொருளாக மாற்றிவிடுகின்றன.

தாய்லாந்தில் முழங்கால் தேய்மானம் உள்ள 367 பேரிடம் நடந்து 2014இல் வெளிவந்த ஆய்வில், மஞ்சள் சத்து 4 வாரத்தில் வலி மாத்திரையான இபுப்ரோஃபென் அளவுக்கே வலியைக் குறைத்தது. அவர்கள் உட்கொண்டது தினம் 1,500 மில்லிகிராம், அதுவும் பிரித்தெடுத்துச் செறிவாக்கியது. அதை மஞ்சள் பாலுக்குச் சான்றாகக் காட்டுவது சரியல்ல.

எனக்குப் பெரிய கவலை முடக்குவாதம் உள்ளவர்களைப் பற்றியது. அது தேய்மானம் அல்ல. உடலின் எதிர்ப்பு சக்தியே மூட்டைத் தாக்கும் நோய். மஞ்சளை நம்பி மருந்தைத் தள்ளிப்போட்டால் எலும்பு அரிக்கப்படும். அரித்தது திரும்ப வளராது.

நம்பிக்கை: ஒரு சிட்டிகை மிளகு சேர்த்தால் பலன் 20 மடங்கு.

உண்மை: இது 1998இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்விலிருந்து வந்த கணக்கு. மிளகின் பைப்பரின், ரத்தத்தில் சேரும் குர்குமினைக் கூட்டியது மெய்யே. ஆனால் அங்கே கொடுத்தது 2 கிராம் குர்குமின். அதற்கு 65 கிராமுக்கு மேல் மஞ்சள் தூள் வேண்டும். பைப்பரின் இல்லாதபோது ரத்தத்தில் இருந்ததோ மிக மிகக் குறைவு. அதன் 20 மடங்கும் பெரிய அளவல்ல.

நம்பிக்கை: செடியிலிருந்து வந்த நிறமிதானே, கேப்ஸ்யூலாக எவ்வளவு எடுத்தாலும் கெடுதல் இல்லை.

உண்மை: கேரட்டின் ஆரஞ்சு நிறமியான பீட்டா கரோட்டினை மாத்திரையாக்கி, பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 1994இல் முடிவு வந்தபோது, மாத்திரை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக இருந்தது. கேரட் பொரியல் யாருக்கும் அப்படிச் செய்ததில்லை. மஞ்சள் கேப்ஸ்யூல் எடுத்த சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை அமெரிக்கா, இத்தாலி, ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சில கேப்ஸ்யூல்களில் பைப்பரினும் உண்டு. வலிப்புக்கான ஃபெனிடாயின் போன்ற மருந்துகளின் அளவையும் அது ரத்தத்தில் ஏற்றிவிடும்.

குழம்புக்கும் ரசத்துக்கும் மஞ்சளைத் தாராளமாகப் போடுங்கள். கேப்ஸ்யூல் எடுப்பவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். பசி மந்தம், கறுத்த சிறுநீர், கண்ணில் மஞ்சள் நிறம் தெரிந்தால் அன்றே நிறுத்திவிட்டுக் கல்லீரல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.