நம்ம பிள்ளைகளும் பொலிஸ் சேவைக்கு விண்ணப்பிக்கலாம்



பொலிஸ் என்றதும் நம்ம லயங்களில் இன்னும் ஒரு பயம் இருக்கிறது. பிள்ளை சோறு தின்னாவிட்டால்கூட "அந்தா பொலிஸ்காரன் வர்றான்" என்று சொல்லித்தான் பயங்காட்டுகிறோம். இந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததல்ல. 1940ஆம் ஆண்டு ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் நடந்த வேலைநிறுத்தத்தின்போது, பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். 1977ஆம் ஆண்டு மே மாதம், தோட்டக் காணிகள் பறிபோவதை எதிர்த்து டெவன் தோட்டத்து மக்கள் திரண்டபோது, சிவனு லெட்சுமணன் சுடப்பட்டு இறந்தார். இதையெல்லாம் நம் பெரியவர்கள் மறக்கவில்லை. மறக்கவும் கூடாது.

ஆனால் பயந்து ஒதுங்கி நின்றால் நிலைமை மாறிவிடாது. பொலிஸ் நிலையத்தின் மேசைக்கு அந்தப் பக்கமும் நம் பிள்ளைகள் உட்கார வேண்டும். அதற்கு என்ன செய்யவேண்டும் என்பதே இந்த மாதப் பாடம்.

ஏன் நம் பிள்ளைகள் சேரவேண்டும்?

இப்படி ஒரு சம்பவத்தை நினைத்துப் பாருங்கள். புருஷன் ராத்திரி குடித்துவிட்டு அடித்ததில் ஓர் அக்காவுக்கு மண்டை உடைந்துவிட்டது. காலையில் பெரட்டுக்குப் போகாமல், அன்றைய பேரையும் விட்டுவிட்டு, அவர் பொலிசுக்குப் போகிறார். மேசையில் இருப்பவருக்குத் தமிழ் தெரியாது. அக்காவுக்குத் தெரிந்த சிங்களம் கடைத்தெருவுக்கு மட்டுந்தான் போதும். அங்கே வந்திருந்த யாரோ ஒருவர் நடுவில் நின்று சொல்கிறார். "என்னை அடிச்சாரு" என்று அக்கா சொன்னது, "இருவரும் சண்டை பிடித்தார்கள்" என்று எழுதப்படுகிறது. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார். நாளைக்குக் கோட்டில் அந்த எழுத்துத்தான் பேசும்.

தமிழும் அரசகரும மொழி என்று 1987ஆம் ஆண்டு 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தில் எழுதப்பட்டது. பொலிஸ் எழுதிய வாக்குமூலத்தை, சொன்னவருக்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்டவேண்டும் என்பதும் சட்டமே. எல்லாப் பொலிஸ் நிலையங்களிலும் 24 மணி நேரமும் இரண்டு மொழியும் தெரிந்த உத்தியோகத்தர் இருக்கவேண்டும் என்று, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011ஆம் ஆண்டு தன் அறிக்கையில் பரிந்துரை செய்தது. ஆனால் சட்டம் மேசையில் உட்கார்ந்து எழுதாது. அதற்கு ஆள் வேண்டும். அட்டனிலும் நோர்வூட்டிலும் மஸ்கெலியாவிலும் தலவாக்கலையிலும் இராகலையிலும் அந்த ஆளாக நம் பிள்ளைகளே இருக்கலாம்.

இதுவரை ஏன் குறைவு?

"நம்ம ஆட்களுக்குப் படிப்பு ஏறாது" என்று சிலர் சொல்வார்கள். அது பொய். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம் மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. பிரஜை அல்லாதவர் அரசாங்க உத்தியோகம் கேட்க முடியாது. 1956இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியானது. தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்கு வரத் தொடங்கியதே 1970களில்தான். பிரஜாவுரிமைப் பிரச்சினை 1986, 1988ஆம் ஆண்டுச் சட்டங்களால் ஓரளவு தீர்ந்து, 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு முடிவுக்கு வந்தது. தாத்தா எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவரால் விண்ணப்பிக்கவே முடியவில்லை. பேரனுக்கும் பேத்திக்கும் அந்தத் தடை இல்லை.

இன்று நம் பிள்ளைகள் தவறுவது வேறு இடத்தில். கெசட் வந்த பிறகுதான் நாம் ஓடத் தொடங்குகிறோம். விண்ணப்பத்துக்குக் கொடுப்பது சில வாரங்கள். ஆனால் அதில் கேட்பவற்றைச் சேர்ப்பதற்கு வருடங்கள் வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. உயரமும் உடம்பும்

பொலிஸ் சேவைக்கு உயரமும் மார்பளவும் அளப்பார்கள், கண் பார்வையையும் சோதிப்பார்கள். ஓர் அங்குலம் குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த அங்குலம் எங்கே போனது? 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார ஆய்வின்படி, தோட்டப் பகுதிகளில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் 100க்கு ஏறக்குறைய 32 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாடு முழுவதற்கும் அந்தக் கணக்கு 17தான். ஆகவே பொலிஸ் உத்தியோகத்துக்கு ஆயத்தம் செய்வது பிள்ளைக் காம்பராவிலேயே தொடங்குகிறது. கர்ப்பிணித் தாய்க்குக் கிடைக்கும் திரிபோஷாவை வீட்டில் எல்லாரும் பங்குபோடாமல் தாயே சாப்பிடவேண்டும். பிள்ளைக்கு வெறும் ரொட்டியும் சாயத்தண்ணியும் போதாது. பருப்பு, முட்டை, கீரை, நெத்தலி என்று கையில் இருக்கும் காசுக்கு முடிந்ததைக் கொடுங்கள். மாதாமாதம் நிறுவைக்குக் கூட்டிப் போங்கள்.

வளர்ந்த பிள்ளைகள் தினமும் ஓடிப் பழகவேண்டும். மலையில் ஏறி இறங்கும் நம் பிள்ளைகளுக்கு மூச்சுப்பலம் உண்டு. அதைப் பீடியாலும் சாராயத்தாலும் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

2. படிப்பு

கொன்ஸ்தாபிள் பதவிக்கு க.பொ.த. சாதாரண தரச் சித்திகள் கேட்பார்கள். உப பொலிஸ் பரிசோதகர் பதவிக்கு உயர்தரமும் வேண்டும். கொன்ஸ்தாபிளாகச் சேர்ந்தவர் சார்ஜன்ட், உப பரிசோதகர் என்று படிப்படியாக மேலே போகலாம். தாய்மொழியிலும் கணிதத்திலும் சித்தி முக்கியம். பல பிள்ளைகள் கணிதத்தில்தான் தவறுகிறார்கள். பதினோராம் வகுப்பில் டியூசன் தேடுவதைவிட, எட்டாம் வகுப்பிலேயே கணக்கு விளங்குகிறதா என்று பாடசாலைக்குப் போய் ஆசிரியரைக் கேளுங்கள்.

3. காகிதங்கள்

பிறப்புச் சான்றிதழை இன்றைக்கே பெட்டியிலிருந்து எடுத்துப் பாருங்கள். பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, தகப்பன் பெயர் ஆகியவை பாடசாலைப் பதிவிலும், அடையாள அட்டையிலும், சாதாரண தரச் சான்றிதழிலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா? ஒன்றில் "ராமையா", இன்னொன்றில் "இராமய்யா", மற்றொன்றில் தாத்தாவின் பெயர் என்று இருந்தால் நேர்முகப் பரீட்சையில் சிக்கல் வரும். திருத்தம் செய்ய பிரதேச செயலகத்தில் உள்ள பதிவாளர் பிரிவுக்குப் போகவேண்டும். பிறப்பே பதியப்படாதிருந்தால் காலம் கடந்த பதிவுக்கும் அங்கேயே விண்ணப்பிக்கலாம். இரண்டு வேலையும் ஒரே நாளில் முடியாது.

அடையாள அட்டைக்குப் பதினைந்து வயது நிரம்பியதும் விண்ணப்பிக்கலாம். பாடசாலையில் படிக்கும் பிள்ளைக்கு அதிபரும், மற்றவர்களுக்குத் தோட்ட அதிகாரியும் உறுதிப்படுத்துவார்கள்.

4. நல்ல பெயர்

விண்ணப்பித்தவரின் பின்னணியைப் பொலிசார் விசாரிப்பார்கள். திருவிழாச் சண்டையிலோ, சூதாட்டத்திலோ, போதைப்பொருளிலோ பெயர் பதிவாகியிருந்தால் படிப்பும் உயரமும் உதவாது. இதை வாலிபர்களுக்கு நேரம் இருக்கும்போதே சொல்லிவைக்கவேண்டும். திருமணமாகாதவர்களைத்தான் கேட்பது வழக்கம் என்பதால், பதினெட்டு வயதிலேயே கல்யாணத்துக்கு அவசரப்படாதீர்கள்.

5. கெசட்டும் விண்ணப்பமும்

அரசாங்க வர்த்தமானி, அதாவது கெசட், வெள்ளிக்கிழமைகளில் மூன்று மொழியிலும் வெளிவருகிறது. பதவி வெற்றிடங்கள் முதலாம் பகுதியில் வரும். இணையத்திலும் பார்க்கலாம். வயதெல்லை, உயரம், கேட்கும் பாடங்கள் எல்லாம் ஒவ்வொரு முறையும் அதில் எழுதியிருக்கும். போன முறை கேட்டதையே இந்த முறையும் கேட்பார்கள் என்று நம்பவேண்டாம். முழுவதையும் இரண்டு தடவை வாசித்து, கேட்ட மாதிரிப் படிவத்திலேயே நிரப்பி, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். மூலச் சான்றிதழ்களைக் கேட்கும் வரை அனுப்பாதீர்கள், பிரதிகள் போதும்.

இன்னொரு முக்கியமான விசயம். லயத்துக்கு நேராகக் கடிதம் வராத தோட்டங்கள் பல உண்டு. தோட்டத்து ஆபீசுக்கு வந்து, தப்பால்காரர் கையில் போய், யாரோ ஒருவர் வீட்டில் கிடந்து, பரீட்சை முடிந்த பிறகு கைக்கு வந்த கடிதங்கள் உண்டு. ஆகவே விண்ணப்பித்ததை ஆபீசில் சொல்லிவையுங்கள், வாராவாரம் போய்க் கேளுங்கள். அடிக்கடி மாற்றாத ஒரு தொலைபேசி இலக்கத்தையும் எழுதுங்கள்.

தெரிவு நடக்கும் முறை பெரும்பாலும் இதுதான்: அளவெடுப்பு, உடற்தகுதிச் சோதனை, எழுத்துப் பரீட்சை, நேர்முகப் பரீட்சை, பின்னணி விசாரணை, வைத்தியப் பரிசோதனை. அதன் பிறகு பயிற்சி. களுத்துறையில் உள்ள பொலிஸ் கல்லூரி அதற்கான முக்கிய இடம்.

நம்மவர்கள் கேட்கும் கேள்விகள்

"ஐயா, ஒருத்தர் ரெண்டு லட்சம் குடுத்தா வேலை நிச்சயம்னு சொல்றாரே?"
கொடுக்காதீங்க. நகையை அடகு வைத்து, சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்து ஏமாந்தவர்கள் நம் தோட்டங்களில் இருக்கிறார்கள். கெசட்டில் அப்படி ஒரு கட்டணம் கிடையாது. லஞ்சம் கேட்டால் லஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கலாம்.

"பொம்பளைப் பிள்ளையை பொலிசுக்கு அனுப்பலாமா?"
கட்டாயம் அனுப்பலாம். இலங்கையில் 1950களிலேயே பெண்கள் பொலிசில் சேர்க்கப்பட்டார்கள். மண்டை உடைந்த அக்காவின் கதையை நினைத்துப் பாருங்கள். அவர் மனம்விட்டுப் பேச அங்கே ஒரு தமிழ்ப் பெண் இருந்தால் எவ்வளவு நல்லது.

"மகனுக்கு சிங்களம் சரியா வராதே?"
விண்ணப்பிப்பதற்கு அது தடையல்ல. ஆனால் பயிற்சியிலும் கடமையிலும் சிங்களம் இல்லாமல் கஷ்டப்படுவான். பாடசாலையில் இரண்டாம் மொழிப் பாடத்தை விளையாட்டாக விடக்கூடாது. இரண்டு மொழியும் எழுத வாசிக்கத் தெரிந்தவருக்கு எந்த அரசாங்கக் காரியாலயத்திலும் மதிப்புண்டு.

"முதல் தடவை கிடைக்கலீன்னா?"
வயதெல்லை முடியும் வரை மறுபடி விண்ணப்பிக்கலாம். சேர்த்த சான்றிதழ்கள் வீண்போகாது. கிராம உத்தியோகத்தர், ஆசிரியர், தபால் சேவை என்று எதற்கும் அதே பிறப்புச் சான்றிதழும் அதே கணிதச் சித்தியும்தான் வேண்டும்.

கடைசியாக ஒரு வார்த்தை. நம் பிள்ளை காக்கிச் சட்டை போட்டுவிட்டால் நம் பக்கம் மட்டும் எழுதவேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. தமிழருக்கும் சிங்களவருக்கும் முஸ்லிமுக்கும், தொழிலாளிக்கும் துரைக்கும் அவர் ஒரே மாதிரி எழுதவேண்டும். சொன்னதைச் சொன்னபடி எழுதினால் அதுவே போதும். நாம் இவ்வளவு காலமும் கேட்டதும் அதைத்தான்.

குழுவாகக் கூடிப் பேசுவோம்

1. நம் லயத்தில் பிறப்புச் சான்றிதழ் இல்லாத, அல்லது பெயர் பிழையான பிள்ளைகள் எத்தனை பேர்?
2. தோட்டத்துக்கு வரும் கடிதங்கள் எத்தனை நாளில் கைக்குக் கிடைக்கின்றன? யாரிடம் பேசினால் சீராகும்?
3. சாதாரண தரம் எழுதப்போகும் பிள்ளைகளுக்கு, கணிதம் தெரிந்த அண்ணன்மார், அக்காமார் வாரத்தில் ஒரு நாள் சொல்லிக்கொடுக்க முடியுமா?
4. ஒவ்வொரு வாரமும் கெசட்டைப் பார்த்து வாசிகசாலைப் பலகையில் எழுதிப்போடும் பொறுப்பை யார் எடுப்பது?

இந்த ஞாயிற்றுக்கிழமை முதலாவது கேள்வியோடு தொடங்குங்கள்.