இரவுத் தங்கல்

ஒவ்வொரு தொழிலாளர் கூட்டத்துக்கும் தனக்கே உரிய சில சொற்கள் உண்டு. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பர். யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பர். இவற்றைக் குழூஉக்குறி என்று இலக்கண நூலார் வகுத்தனர். பேருந்துத் தொழிலாளரிடத்தும் அத்தகைய சொற்கள் வழங்குகின்றன. அவற்றுள் ஒன்று 'நைட் ஹால்ட்' என்பது. அதனைத் தமிழில் 'இரவுத் தங்கல்' என்பர்.

கிருஷ்ணகிரி, 2004ஆம் ஆண்டில் தருமபுரியினின்றும் பிரிந்து தனி மாவட்டம் ஆயிற்று. அம்மாவட்டத்தின் தொழில்நகரம் கருநாடக எல்லையில் உள்ள ஓசூர். தமிழ், கன்னடம், தெலுங்கு ஆகிய மூன்று மொழிகளும் அங்கே கலந்து ஒலிக்கும். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அங்கு அமைந்தபின், இரவு பகல் பாராது ஆலைகள் இயங்கலாயின. சேலத்துக்கும் பெங்களூருக்கும் இடையே ஓடும் பேருந்துகள் நள்ளிரவிலும் அவ்வழியே செல்கின்றன.

ஆயின், நெடுஞ்சாலையை விட்டு விலகிய சிற்றூர்களின் நிலை வேறு. அங்கே இரவில் கடைசியாகச் சென்று சேரும் பேருந்து, நகருக்குத் திரும்புவதில்லை. ஓட்டுநரும் நடத்துநரும் அவ்வூரிலேயே தங்குவர். விடியற்காலையில் மீண்டும் புறப்படுவர். இதுவே இரவுத் தங்கல். விடியுமுன் பணிமனையிலிருந்து ஆளில்லா வண்டியை அனுப்பினால் எண்ணெய் வீணாகும். முதற்பேருந்தும் காலம் தாழ்ந்தே வரும். காய்கறிக் கூடையோடு சந்தைக்குச் செல்லும் உழவரும், ஆலைக்குச் செல்லும் தொழிலாளரும், மருத்துவமனைக்குச் செல்லும் நோயாளரும் அம்முதற்பேருந்தையே நம்பியிருப்பர். தங்கல் தவறினால் ஊரின் காலைப்பொழுதே தவறிவிடும்.

'ஹால்ட்' என்னும் சொல்லின் வரலாறு சுவையானது. அது முதலில் படைவீரர் வழங்கிய சொல். செருமானிய மொழியில் அதற்கு 'நில்' என்பது பொருள். நடந்து செல்லும் படையை நிறுத்த இடும் ஆணை அதுவே. பின்னர் அது வழியிடைத் தங்குதலையும் குறிப்பதாயிற்று.

படையிலிருந்து வந்த மற்றொரு சொல் 'பேட்டா'. சம்பளத்துக்கு மேல் கிடைக்கும் படித்தொகையைப் பேருந்துத் தொழிலாளர் அவ்வாறு அழைப்பர். கிழக்கிந்தியக் கம்பெனியார், போர்முனைக்குச் செல்லும் படையினர்க்குத் தனியே அளித்த தொகைக்கு இதுவே பெயர். யூல், பர்னெல் என்னும் இருவர் தொகுத்த 'ஆப்சன் சாப்சன்' என்னும் அகராதி 1886ஆம் ஆண்டில் வெளிவந்தது. நெல்லைக் குறிக்கும் 'பத்த' என்னும் கன்னடச் சொல்லிலிருந்து, போர்ச்சுக்கீசியர் வாயிலாக இப்பெயர் வந்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. தமிழிலும் 'படி' என்னும் சொல், தானியம் அளக்கும் கருவியையும் உணவுச் செலவுக்குத் தரும் தொகையையும் குறித்தல் காண்க. வீட்டை விட்டு வெளியே சென்று உழைப்பவனுக்கு முதலில் வேண்டுவது ஒருவேளைச் சோறு அன்றோ!

கிருஷ்ணகிரிச் சீமையும் ஒரு காலத்தில் படைகள் தங்கிய நிலமே. மைசூருக்கும் கம்பெனிக்கும் நடந்த போர்களில், பாரமகால் எனப்பட்ட இப்பகுதி பலமுறை அல்லலுற்றது. 1792ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி, திப்பு சுல்தான் இதனைக் கம்பெனியார்க்கு விட்டுக்கொடுத்தார். அன்று படைகளைக் குறித்த சொற்கள், இன்று மக்களை ஏற்றிச் செல்லும் தொண்டைக் குறிக்கின்றன.

இரவு வண்டிகளுக்குப் பிறநாட்டாரும் பெயர் இட்டுள்ளனர். அமெரிக்கர் நள்ளிரவில் ஓடிய டிராம் வண்டியை 'ஆந்தை வண்டி' என்றனர். செருமானியர் இரவின் கடைசி வண்டியைக் 'கந்தை பொறுக்குவோன்' என்று நகையாடுவர். ஆங்காங்கே எஞ்சி நிற்போரையெல்லாம் அது ஏற்றிச் செல்லும் அல்லவா? முன்னது பொழுதை நோக்கிய பெயர். பின்னது பயணிகளை நோக்கிய பெயர். நம் நாட்டுப் பெயரோ வண்டியை நடத்துவோரை நோக்கியது. தம் மனைவி மக்களைப் பிரிந்து, வேற்றூரில் கண்ணயரும் இருவரின் இரவு அதில் அடங்கியுள்ளது.

விடியற்காலையில் முதற்பேருந்தில் ஏறுவோர், அது தமக்கு முன்பே வந்து காத்திருந்தது என்பதை எண்ணுவாராக.