குடியை விட நினைப்பவருக்கு: தோட்டத்து வீடுகளுக்குப் பத்துக் குறிப்புகள்

பொகவந்தலாவைப் பக்கம் சாராயத்துக்கும் கசிப்புக்கும் யாரும் வழி கேட்பதில்லை. விடுவதற்குத்தான் வழி கேட்க வேண்டியிருக்கிறது. குடியை விட்டவர்களும் விட விரும்புபவர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசும் ஆல்கஹோலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் 1935இல் அமெரிக்காவில் தொடங்கியவை. சுருக்கமாக ‘ஏ.ஏ.’ என்பார்கள். இலங்கையிலும் நடக்கின்றன. மலையிலிருந்து அங்கே போய்ச்சேர உதவும் குறிப்புகள் இவை.

1. முதலில் வைத்தியரைப் பாருங்கள். பல காலமாகத் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் அன்றே கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதற்கடுத்த நாட்களில் பிதற்றலும், இல்லாத உருவங்களைக் காண்பதும் நேரலாம். இது பேய் பிடித்ததல்ல. உயிருக்கே ஆபத்தான நோய் நிலை. 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

2. தோட்டத்து டிஸ்பென்சரியில் கேட்கத் தயக்கமாக இருந்தால் நேரே பொகவந்தலாவை வைத்தியசாலைக்குப் போங்கள். டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலைக்கும் போகலாம். “மனநல கிளினிக் எங்கே, எந்தக் கிழமை?” என்று கேட்டால் போதும். அரச வைத்தியசாலையில் இதற்குக் கட்டணமில்லை. கிளினிக் கொப்பியைப் பத்திரமாக வைத்திருங்கள்.

3. இரண்டு இலக்கங்களைக் கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். 1926 தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம். 1927 தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் ஆலோசனை இலக்கம். எடுத்தவுடனே “தமிழில் பேசுபவர் வேண்டும்” என்று சொல்லுங்கள். பக்கத்தில் எங்கே கூட்டம் அல்லது ஆலோசனை நடக்கிறது, எந்த மொழியில், எந்த நாளில் என்ற மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருந்தால் அவரிடமும் இதையே கேட்கலாம்.

4. பஸ் ஏறுமுன் கூட்டத்தின் நேரத்தையும் மொழியையும் உறுதி செய்யுங்கள். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ நடக்கும் கூட்டத்தில் வாய் திறக்க முடியாமல் திரும்பினால் அடுத்த முறை போக மனம் வராது. வேலை நாளில் போனால் ஒருநாள் சம்பளம் போகும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். ஹற்றனிலிருந்து திரும்பும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள்.

5. கூட்டத்தில் சேரப் பணம் கட்ட வேண்டாம். குடியை விடும் விருப்பம் இருந்தால் போதும். உண்டியல் சுற்றிவந்தால் விரும்பியவர் போடுவார்கள். முழுப்பெயர், தோட்டம், டிவிஷன் எதையும் சொல்லத் தேவையில்லை. “இன்றைக்குக் கேட்க மட்டும் வந்தேன்” என்றால் யாரும் வற்புறுத்த மாட்டார்கள். திறந்த கூட்டம் என்றால் மனைவியோ அண்ணனோ கூட வரலாம். மூடிய கூட்டம் குடிப்பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும்.

6. போக வர வசதியில்லாதவர் இணையவழிக் கூட்டத்தைத் தேடலாம். தமிழ்நாட்டு ஏ.ஏ. குழுக்கள் தமிழிலேயே கூடுகின்றன. இந்தியாவுக்கும் நமக்கும் ஒரே நேரம் என்பதால் நேரக் கணக்கில் குழப்பமில்லை. லயத்துச் சுவர் வழியே பேச்சு பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்கும். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் மேட்டில் போய் உட்காருங்கள்.

7. தோட்டத்திலேயே விட நினைப்பவர் இருவர் இருந்தால் வாராவாரம் கூடத் தொடங்கலாம். கோயில் மண்டபமோ வாசிகசாலையோ போதும். ஆளுக்குப் பத்து நிமிடம் தன் கதையை மட்டும் பேசட்டும். புத்திமதியும் சங்க அரசியலும் வேண்டாம். அங்கே பேசியது பிரட்டுக்களத்துக்குப் போகக் கூடாது.

8. வீட்டாருக்கு இரண்டு செய்திகள். குடிப்பவரின் குடும்பத்தாருக்கென்றே 1951இல் அல்-அனான் என்ற அமைப்பு அமெரிக்காவில் உருவானது. அவர் வராவிட்டாலும் நீங்கள் உதவி தேடலாம். இரண்டாவது, ‘தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்’ என்று விற்கும் மருந்தை வாங்காதீர்கள். டைசல்பிராம் போன்ற மருந்து உடம்பில் இருக்கும்போது குடித்தால் இரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். வைத்தியர் சொல்லி, குடிப்பவர் அறிந்தே எடுக்க வேண்டிய மருந்து அது. அடி உதை இருந்தால் பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

9. வழுக்கும் நாட்களை நாட்காட்டியில் வட்டமிடுங்கள்: சம்பள நாள், தீபாவளி முற்பணம் கைக்கு வரும் நாள், திருவிழா, துக்க வீடு. போயா தினத்தில் மதுக்கடை மூடியிருக்கும்; முதல்நாளே வாங்கிப் பதுக்குவதுதான் அங்கே சிக்கல். சம்பள நாளில் மனைவியோ மகனோ கூடப் போய், காசோடு நேரே வீட்டுக்கு வரட்டும். அன்று மாலை கூட்டத்தில் பழகிய ஒருவருக்குக் கட்டாயம் அழைப்பு எடுங்கள்.

10. மறுபடி குடித்துவிட்டால் ‘எல்லாம் போச்சு’ என்று கூட்டத்தை விடாதீர்கள். நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். அதற்காக யாரும் வெளியே அனுப்ப மாட்டார்கள். வீட்டாரும் அன்று குத்திக்காட்ட வேண்டாம். தினக்குடி மறுபடி தொடங்கியிருந்தால் திரும்பவும் முதல் குறிப்பிலிருந்து வாருங்கள்.

விடுகிறேன் என்று குடிப்பவர் சொல்லும் காலையில் இலக்கம் தேடிக்கொண்டிருக்க நேரமிருக்காது. மனம் மாறுவதற்குள் அழைக்க வேண்டும். 1926, 1927, 1990 மூன்றையும் இன்றே சுவரில் எழுதி வையுங்கள்.