வாடைக் காலத்தில் கொள்ளிட முகத்துவாரம்: படகுக்காரர்கள் இப்போது செய்ய வேண்டியவை

ஐப்பசி பிறந்துவிட்டது. மார்கழி முடியும்வரை வாடைக் காற்றும் மழையும் மாறி மாறி வரும். பழையாறிலிருந்து கொள்ளிட முகத்துவாரம் வழியாகத் தொழிலுக்குப் போகும் ஃபைபர் படகுக்காரர்களுக்கு இந்த மாதங்களில் நடுக்கடலைவிட, கரை கண்ணில் படும் கடைசி அரைக் கிலோமீட்டரே ஆபத்தானது. போகும்போது அலை எதிரே தெரியும். திரும்பும்போது உடைகிற அலையின் முதுகு மட்டுமே தெரிவதால், கடலிலிருந்து பார்க்க ஆற்று வாய் அமைதியாகவே இருக்கும். கரையில் நிற்பவருக்குத்தான் வெள்ளை நுரை தெரியும்.

ஆறு கிழக்கே ஓடுகிறது, காற்றும் அலையும் வடகிழக்கிலிருந்து வருகின்றன. எதிரோட்டத்தில் நுழையும் அலை குறுகி, நெட்டுக்குத்தாக எழும்பும். அடியில் மணல் திட்டு இருந்தால் அங்கேயே உடையும். நீரின் ஆழத்தில் முக்கால் பங்கு உயரத்துக்கு வந்ததும் அலை உடையும் என்பது பொதுக் கணக்கு. திட்டின் மேல் ஒன்றேகால் மீட்டர் நீர் நின்றால் ஒரு மீட்டர் அலை உடைந்துவிடும்; ஒன்றே முக்கால் மீட்டர் நின்றால் அதே அலை உடையாமல் கடந்து போகும். நம் கரையில் ஏற்ற வற்றத்தின் வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்தான். ஆனாலும் திட்டின் மேல் அந்த அரை மீட்டர் உயிரைத் தீர்மானிக்கிறது.

ஆகவே நேரம் பாருங்கள். நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமி, அவற்றுக்கு அடுத்த ஓரிரு நாள்களில் ஏற்றமும் பெரிது, வற்றத்தின் இழுப்பும் பெரிது. அஷ்டமியை ஒட்டி இரண்டும் அடங்கியிருக்கும். ஏற்றத்தின் கடைசி இரண்டு மணி நேரத்தில் உள்ளே வருவதே நல்லது. வற்றம் பாதி இறங்கிய நேரத்தில் வாடையும் வீசினால் வாயை நெருங்கவே வேண்டாம். அலை உடையும் இடத்துக்கு வெளியே, ஆழத்தில் நங்கூரம் போட்டுக் காத்திருங்கள். காற்று ஏறி அங்கே நிற்க முடியாமல் போகும் என்று தோன்றினால், டீசல் கையிருப்பு இருக்கும்போதே வேறு துறைமுகத்துக்குத் திருப்புங்கள்.

வெள்ளக் காலத்தில் இந்தக் கணக்கும் பொய்க்கும். மேட்டூர் நிரம்பி உபரி நீர் திறந்தால் அது முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திரும்பி, அணைக்கரையைத் தாண்டிப் பழையாறுக்கு வரும். வந்து சேரச் சில நாள்கள் ஆகும். உள்ளூரில் வெயில் அடித்தாலும் ஆறு சீறிக்கொண்டிருக்கும். அப்போது ஏற்ற நேரத்திலும் வாயில் நீர் வெளியேதான் ஓடும். எனவே அணைக்கரையில் எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்பதை வானிலைச் செய்தியைப் போலவே தினமும் கேளுங்கள். வெள்ள நீரோடு ஆகாயத்தாமரையும் வாழைத் தண்டும் மரக்கட்டையும் வரும். ஒரு கொத்து காற்றாடியில் சுற்றினாலே எஞ்சின் நின்றுவிடும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். வெள்ளம் ஒருமுறை வந்து போனால் திட்டு இடம் மாறும். போன மாதம் ஜிபிஎஸ்ஸில் பதிந்து வைத்த தடம் இந்த மாதம் உங்களை நேராகத் திட்டின் மேல் ஏற்றிவிடும். வெளிச்சத்தில், ஏற்ற நேரத்தில், சுமை இல்லாத படகில் ஒருவர் போய்ப் பார்த்து வந்த பிறகே மற்றவர்கள் அந்தத் தடத்தை நம்ப வேண்டும். இருட்டில் யாரும் வாயைக் கடக்க வேண்டாம்.

உள்ளே வருமுன் கால் மணி நேரம் வெளியே நின்று அலையைப் பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும், பிறகு சற்று ஓயும். அந்த ஓய்வில், ஓர் அலையின் முதுகைப் பிடித்து அதே வேகத்தில் வாருங்கள். அதை முந்தினால் படகின் முன்பக்கமான அணியம் குத்திக்கொள்ளும். பின்தங்கினால் அடுத்த அலை பின்பக்கத்தைத் தூக்கிப் படகைக் குறுக்கே திருப்பும். குறுக்கே திரும்பிய படகு கவிழ்ந்துவிடும். நடுவழியில் திருப்பாதீர்கள், எஞ்சினைக் குறைத்து நிற்காதீர்கள். வலையும் ஐஸ் பெட்டியும் அடியில் கட்டப்பட்டிருக்கட்டும், கயிறு எதுவும் வெளியே தொங்க வேண்டாம், அணியத்தில் யாரும் உட்கார வேண்டாம். நங்கூரத்தைக் கயிற்றோடு கையெட்டும் இடத்தில் வையுங்கள். எஞ்சின் நின்றால் முதல் வேலை அதைப் போடுவதுதான்.

லைஃப் ஜாக்கெட் போட்டால் வலை இழுக்க இடைஞ்சல் என்கிறார்கள். உண்மைதான். தொழில் நேரத்தில் கழற்றினாலும் வாயை நெருங்கும்போது எல்லாரும் போட்டுக்கொள்ளுங்கள். கவிழ்ந்தால் படகை விடாதீர்கள். வெளியே இழுக்கும் நீரை எதிர்த்து நீந்திக் கரை சேரப் பார்ப்பவரைவிட, மிதக்கும் படகைப் பிடித்துக் கிடப்பவரைத் தேடி எடுப்பது எளிது.

நாகையிலோ கடலூரிலோ ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால், தொலைவில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகிவிட்டது என்று பொருள். தூரம் போக வேண்டாம். மூன்றாம் எண் ஏறினால் துறைமுகப் பகுதியிலேயே பலத்த காற்று வரும். படகை இறக்கவே கூடாது. ஆபத்தில் கடலோரக் காவல் படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவலுக்கு 1093.

ஏல நேரத்துக்குள் மீனைச் சேர்க்க வேண்டும் என்ற அவசரத்தில்தான் பலர் வற்றத்தில் நுழைகிறார்கள். ஏலம் எடுப்பவர்களும் ஊர்ப் பஞ்சாயத்தும் சேர்ந்து, பெரிய வற்றம் உள்ள நாள்களில் ஏலத்தை இரண்டு மணி நேரம் தள்ளி வையுங்கள். நுரை தெரியும் கரையில் அனுபவமுள்ள ஒருவரைக் கைபேசியும் கொடியுமாகத் தை பிறக்கும்வரை நிறுத்துங்கள்.