சட்டையின் காலரும் கேன்வாஸ் துணியும்

ஒரு சட்டையின் தரத்தை அறிய விரும்புவோர் முதலில் நோக்குவது அதன் காலரையே. துணி எவ்வளவு உயர்ந்ததாயினும், காலர் சுருண்டும், கைப்பட்டி தொய்ந்தும், பட்டன் பட்டி நெளிந்தும் இருப்பின் அச்சட்டைக்கு மதிப்பில்லை. இக்குறைகள் பெரும்பாலும் தையல் தெரியாமையால் நேர்வன அல்ல. இரு துணிகளுக்கு நடுவே கண்ணுக்குப் புலப்படாமல் வைக்கப்படும் கேன்வாஸ் என்னும் உள்துணியைத் தக்கவாறு தேர்ந்து பொருத்தாமையே இவற்றிற்குக் காரணம்.

தையலும் கிராம முன்னேற்றமும்

1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய காலந்தொட்டு, கிராமப் பெண்களுக்கு ஏற்ற தொழிலாகத் தையல் கற்பிக்கப்பட்டு வருகிறது. இன்று நம் மாநிலத்தில் சத்துணவு உண்ணும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு நான்கு இணைச் சீருடைகள் விலையின்றி வழங்கப்படுகின்றன. அவற்றைத் தைத்துத் தருவோர் சமூக நலத் துறையின்கீழ் இயங்கும் மகளிர் தையல் தொழிற் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்களே ஆவர்.

தென்பெண்ணையாற்றின் கரையிலுள்ள மூங்கில்துறைப்பட்டில் கூட்டுறவு சர்க்கரை ஆலை அமைந்துள்ளது. கரும்பை நம்பி வாழும் இப்பகுதியில், வெட்டுக் காலம் முடிந்தபின் கூலிக் குடும்பங்களுக்கு வேறு வருவாய் வேண்டும். வீட்டிலிருந்தே செய்யத்தக்க தையல் அக்குறையை ஓரளவு தீர்க்கும். ஆயினும், கூலி சட்டைக் கணக்கில் கிடைப்பது. குறையுள்ள சட்டையைப் பிரித்துத் தைக்கும் நேரத்திற்குக் கூலி இல்லை. அன்றியும், கல்வராயன் மலையின் உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் பயிலும் பிள்ளைகளுக்குக் கிழிந்த காலரை உடனே தைத்துத் தரத் தாய் அருகில் இரார். ஆகவே, பலமுறை துவைத்தும் உருக்குலையாத சட்டையைத் தைக்கும் முறையை அறிவது அவசியம்.

எத்தகைய கேன்வாஸ் வேண்டும்?

கேன்வாஸ் இரு வகைப்படும். ஒன்று, தையலால் மட்டும் இணைக்கப்படும் சாதாரணக் கேன்வாஸ். மற்றொன்று, ஒரு பக்கத்தில் பசைப் புள்ளிகள் கொண்டதும், இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் துணியோடு ஒட்டிக்கொள்வதுமான ஒட்டுக் கேன்வாஸ். பக்ரம் என்ற பெயரில் விற்பவற்றுள் கஞ்சியால் மட்டும் விறைப்பேற்றியவையும் உண்டு. இவை தண்ணீர் பட்டவுடன் தளர்ந்துவிடுமாதலால் சட்டைக்கு ஆகா. வாங்குமுன் ஒரு சிறு துண்டை நனைத்துப் பிழிந்து பார்த்தால் உண்மை விளங்கும்.

மெல்லிய துணிக்குக் கனமான கேன்வாஸ் வைத்தல் தவறு. காலர் அட்டைபோல் நிற்கும். மடிப்பு ஓரத்தில் துணி விரைவில் தேய்ந்து கிழியும். இரண்டையும் சேர்த்து மடித்துப் பார்த்து, மடிப்பு இயல்பாக விழுமாறு தேர்ந்துகொள்ள வேண்டும். காலருக்கும் கைப்பட்டிக்கும் சற்று விறைப்பானதும், பட்டன் பட்டிக்கு மெல்லியதும் ஏற்றவை.

சுருக்கமே முதற்பகை

பருத்தி நனைந்தால் சுருங்கும். பாலியெஸ்டர் கலந்த துணி அவ்வளவு சுருங்காது. நனைக்காத பருத்திக் கேன்வாஸைக் கலப்புத் துணிக்குள் வைத்துத் தைத்தால், முதல் சலவையில் உள்துணி சுருங்க, மேல் துணி கொப்பளித்து நிற்கும். இதற்குப் பரிகாரம் எளிது. சாதாரணக் கேன்வாஸை வெட்டுமுன் நனைத்து, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்டுக்கொள்ள வேண்டும். சட்டைத் துணி பருத்தியாயின் அதையும் அவ்வாறே நனைத்தல் வேண்டும். துணியின் நீள இழையும் கேன்வாஸின் நீள இழையும் ஒரே திசையில் அமையுமாறு வெட்டினால் காலர் முறுக்கிக்கொள்ளாது.

பொருத்தும் முறை

சட்டையை அணிந்தபின் வெளியே தெரியும் மேற்காலரின் உட்புறத்திலேயே கேன்வாஸை வைக்க வேண்டும். கீழ்க்காலரை இரண்டு மில்லிமீட்டர் அளவு சிறியதாக வெட்டினால், தையல் ஓரம் உட்புறமாகத் திரும்பி மறையும். விறைப்பான கேன்வாஸைத் தையல் கோட்டைத் தாண்டி விடாமல் வெட்டிவிட வேண்டும். இல்லையேல் ஓரம் தடிக்கும். காலர் முனையில் நேராகத் திரும்பாமல், ஒரு தையல் குறுக்கே இட்டுத் திரும்புவது நன்று. பின்னர் முனைத் துணியைச் சாய்வாகக் கத்தரித்துப் புரட்டினால் முனை கூர்மையாக அமையும். கத்தரிக்கோலின் நுனியால் குத்தி முனையை வெளியே தள்ளுதல் கூடாது.

ஒட்டுக் கேன்வாஸின் சொரசொரப்பான பக்கம் துணியின் உட்புறத்தைத் தொட வேண்டும். மேலே ஒரு மெல்லிய துணியை விரித்து, இஸ்திரிப் பெட்டியை ஓரிடத்தில் பத்து முதல் பதினைந்து விநாடி அழுத்தி, பின் தூக்கி அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். தேய்த்து இழுத்தால் கேன்வாஸ் நகர்ந்துவிடும். நன்றாக ஆறும்வரை துணியை அசைக்கலாகாது. பசை இறுகுவது ஆறும்போதுதான். கரிப்பெட்டியின் கனம் அழுத்தத்திற்கு உதவுமாயினும் அதன் சூடு நிலையானதன்று. ஆகையால், முதலில் வெட்டுத் துண்டில் ஒட்டித் துவைத்துப் பார்த்து, கொப்புளம் எழாவிடில் மட்டுமே சட்டையைத் தொட வேண்டும்.

பட்டன் பட்டியினுள் மெல்லிய கேன்வாஸ் நாடா வைத்தால் காஜாவின் ஓரம் இழுபடாது. பட்டனும் துணியைப் பிய்த்துக்கொண்டு வராது.

ஊராட்சி செய்யத்தக்கது

கிராமத் தையற் பயிற்சிகளில் தையல் இயந்திரத்திற்குத் தரப்படும் கவனம் கேன்வாஸுக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் தரப்படுவதில்லை. ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் மூன்று காரியங்களில் முனையலாம். பயிற்சி நடக்குமிடத்தில் சூட்டைக் கூட்டிக் குறைக்கத்தக்க மின் இஸ்திரிப் பெட்டி ஒன்றும், அகன்ற மேசை ஒன்றும் இருக்கச் செய்யலாம். மகளிர் குழுவினர் கேன்வாஸைத் தனித்தனியே துண்டுகளாக வாங்காமல், ஒரே தரத்தில் மொத்தமாக வாங்கிப் பகிர்ந்துகொள்ள வழி காட்டலாம். பயிற்சி முடிவில் ஒவ்வொருவரும் தைத்த காலரை மும்முறை துவைத்து உலர்த்தி, அதன்பின்னரே தேர்ச்சி அளிக்குமாறு கேட்டுக்கொள்ளலாம்.

உழவர் விதையைச் சோதித்த பின்னரே விதைக்கின்றனர். தைப்பவரும் கேன்வாஸைச் சோதித்த பின்னரே சட்டையில் வைப்பாராயின், கூலி வீணாகாது. பிள்ளைகளும் ஆண்டு முழுவதும் நல்ல சட்டை அணிந்து பள்ளி செல்வர்.