முற்றத்து நீரும் கொசுவும்

கொசு எங்கிருந்து வருகின்றது என்று எவரை வினவினும், அவர் தெருக்கோடியிலுள்ள சாக்கடையைச் சுட்டிக் காட்டுவர். அது முழுதும் பொய்யன்று. யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் என்னும் இனம் கழிவு நீரில்தான் பெருகுகின்றது. ஆயின், டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் என்னும் இனமோ, கலங்களில் தேங்கிய தெளிந்த நீரையே பெரிதும் நாடும். கால்களில் வெள்ளை வரிகளையுடைய இக்கொசு பகற்பொழுதில் கடிப்பது. நெடுந்தொலைவு பறக்கும் ஆற்றலும் இதற்கில்லை. பிறந்த இடத்திலிருந்து சில நூறு அடி எல்லைக்குள்ளேயே பெரும்பாலும் தன் வாழ்நாளைக் கழித்துவிடும். எனவே, ஒரு வீட்டாரைக் கடிக்கும் ஏடிஸ் கொசு, அவ்வீட்டு முற்றத்திலோ அண்டை வீட்டுக் கொல்லையிலோ பிறந்ததாகவே இருக்கும். டெங்குக் காய்ச்சலை உண்டாக்கும் நுண்ணுயிரை அழிக்கும் தனி மருந்தோ இன்றளவும் இல்லை.

ஐப்பசி மழை ஓய்ந்தபின் கொல்லையை ஒருமுறை சுற்றி வந்தால் உண்மை விளங்கும். கொட்டாங்கச்சி, உடைந்த சட்டி, பழைய டயர், பூந்தொட்டியின் அடித்தட்டு ஆகிய யாவற்றிலும் நீர் நிற்கும். மின்சார உரல் வந்தபின் கைவிடப்பட்ட ஆட்டுரலை ஒருவரும் நினைப்பதில்லை. அதன் குழியில் நிற்கும் நீரை உற்று நோக்கினால், தலைகீழாகத் தொங்கி, வாற்புறக் குழாயால் மூச்சுவிடும் சிறு புழுக்களைக் காணலாம். நிழல் பட்டவுடன் அவை நெளிந்து அடியில் மறையும். முட்டை பொரிந்து, புழுவாகிக் கூட்டுப்புழுவாகிக் கொசுவாக வெளிப்பட ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் செல்லும். வாரம் ஒருநாள் நீரைக் கொட்டச் சொல்வது இதனாலேயே. புகையடித்தால் பறக்கும் கொசு மடியும். நீரிலுள்ள புழு மடியாது.

கொட்டுவது மட்டும் போதாது. ஏடிஸ் கொசு தன் முட்டைகளை நீர்மட்டத்தை ஒட்டி, கலத்தின் உட்சுவரில் இடும். நீர் வற்றினும் அம்முட்டைகள் பல திங்கள் உயிரோடு கிடந்து, மீண்டும் நீர் பட்டதும் பொரியும். ஆதலின், குடத்தையும் தொட்டியையும் தேங்காய் நாரால் உட்புறம் அழுத்தித் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். ஆட்டுரலைக் கவிழ்க்க இயலாவிடில், அதன் குழியை மணலால் நிரப்பிவிடலாம்.

கிணற்று நீரை வாரந்தோறும் இறைத்துக் கொட்டுதல் ஆகாது. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் இனத்துள் ஒரு வகை, நகரங்களில் கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் முட்டையிடுகின்றது. கிணற்றில் கம்பூசியா என்னும் சிறு மீன்களை விடுவர். அவை புழுக்களைத் தின்றுவிடும். மாடித் தொட்டிக்கு இறுக்கமான மூடி வேண்டும். மூடியின் ஓரத்தில் விரல் நுழையும் சந்து இருப்பினும், கொசுவுக்கு அது பெருவாயிலே.