வீட்டின் கோடை ஆசைப் பட்டியல்

ஆண்டுத் தேர்வு நெருங்கும் ஏப்ரலில் ஆறாம் வகுப்புக்கு ‘இந்தக் கோடையில் என் ஆசைகள்’ என்றொரு எழுத்துப் பயிற்சி கொடுப்பேன். முதன்முறை கொடுத்தபோது தவறு என்னுடையது. வரையறை எதுவும் சொல்லவில்லை. கொடைக்கானல், சென்னை, விமானம் என்று தாள்கள் நிரம்பின. ஒரு மாணவனின் தாளில் பெயரும் வகுப்பும் மட்டுமே இருந்தன. “நாங்க எங்கயும் போவ மாட்டோம் டீச்சர்” என்றான். வசதி உள்ள வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் நடுவே நானே கோடு கிழித்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

மறு ஆண்டு மாற்றினேன். பட்டியல் மாணவருடையது அல்ல, வீட்டினுடையது. தாத்தா, ஆச்சி உட்பட ஒவ்வொருவரிடமும் ஓர் ஆசையைக் கேட்டு எழுதி வர வேண்டும். கடையில் வாங்கும் பொருள் கூடாது. பாதியாவது செலவில்லாததாகவோ டவுன் பஸ்ஸில் போய்த் திரும்பக்கூடியதாகவோ இருக்க வேண்டும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் மகளிருக்குக் கட்டணம் இல்லை என்பதால் அம்மாக்களின் ஆசைகள் கொஞ்சம் தூரம் போயின.

பட்டியல்கள் பேச்சுத்தமிழில்தான் வரும், வரட்டும். ‘பாக்கணும்’, ‘போணும்’, ‘குளிக்கணும்’ என்பவற்றைக் கரும்பலகையில் எழுதி, எதிரே ‘பார்க்க வேண்டும்’, ‘போக வேண்டும்’, ‘குளிக்க வேண்டும்’ என அவர்களையே மாற்றச் சொல்வேன். செயவென் எச்சம் என்ற பெயரைப் பிறகு சொன்னால் போதும். ஒரு மாணவி ‘அம்மா ஓய்வெடுக்க வேண்டும்’ என்று எழுதியிருந்தாள். இது அம்மாவின் ஆசையா, மருத்துவர் சொன்னதா என்று கேட்டேன். ‘வேண்டும்’ என்ற ஒரே சொல் விருப்பத்தையும் கட்டாயத்தையும் சுமப்பதை வகுப்பு கண்டுகொண்டது. ‘ஓய்வெடுக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை’ என்று திருத்தினாள்.

பிறகு விவரம் சொன்னாள்: “கேட்டதும் சிரிச்சாவ டீச்சர். ஒரு ஞாயித்துக்கிழமையாவது பீடித் தட்டத் தொடாம இருக்கணும்னு சொன்னாவ.” அன்றைய மீதிப் பாடவேளை இதிலேயே போயிற்று. அம்மாவுக்குப் பதில் நாமே சுற்றலாம் என்றது ஒரு குழு. பிள்ளைகள் பீடி சுற்றக் கூடாது என்று அழுத்தமாகச் சொன்னேன். ஒருநாள் கூலி போகும் என்பதையும் மறைக்கவில்லை. தண்ணீர் எடுப்பதையும் சமையலையும் அண்ணனோடு பகிர்ந்துகொள்வது என அவளே முடிவுசெய்தாள்.

இன்னொரு வீட்டின் ஆச்சிக்கு ஆதிச்சநல்லூர் பார்க்க ஆசை. ஆற்றுக்கு அக்கரையில்தான் இருக்கிறது, எட்டிப் பார்த்ததில்லை. 1876இல் ஜெர்மானியரான யாகோர் தோண்டிப் பார்த்த பறம்பு அது. 2023 ஆகஸ்டில் அங்கேயே அருங்காட்சியகம் திறந்தார்கள். முதுமக்கள் தாழிகளைக் கண்ணாடிக்கு அடியில், கிடந்த குழியிலேயே காணலாம். பேரன் ஆச்சிக்குப் பலகைகளைப் படித்துக் காட்டுவதைவிட நல்ல வாசிப்புப் பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

தாமிரபரணிக் குளியல் இல்லாத பட்டியல் இல்லை. அதற்கு நேரே ‘யாருடன்’ என்ற கட்டம் கட்டாயம். அணைக்கட்டுப் பக்கம் வேண்டாம் என்பதைப் பெற்றோர் கூட்டத்திலும் சொல்லிவிட வேண்டும்.

ஜூனில் எத்தனை நிறைவேறின என்று எண்ணுவதில்லை. நடக்காத ஒன்றைப் பற்றி, ஏன் நடக்கவில்லை என்று ஐந்து வரி எழுதச் சொல்கிறேன். அந்த மாணவி தாளைக் கொண்டுவந்தாள். நாள்காட்டிக்குப் பின்னால் ஒட்டி வைத்திருந்ததில் ஓரம் கிழிந்திருந்தது. அம்மாவின் ஆசைக்கு எதிரே ‘மத்தியானம் வரை’ என்று எழுதியிருந்தாள். இந்த ஏப்ரலில் அவள் தம்பி ஆறாம் வகுப்பு. அவன் கொண்டுவந்த பட்டியலிலும் முதல் வரி அதுதான்.